பயறு ஒண்டர்: நெல் தரிசு உளுந்தில் மூன்று பருவம் தெளித்துப் பார்த்தவனின் மதிப்பீடு

திருவாரூர் மாவட்டத்தில், கோரையாற்றுப் பாசனத்தில், எங்கள் குடும்பத்துக்கு எட்டு மா நிலம் இருக்கிறது (மூன்று மா ஓர் ஏக்கர்). சம்பா அறுப்பு முடிந்ததும் அதே வயலில் உளுந்து எடுப்பது தாத்தா காலத்திலிருந்து வரும் வழக்கம். அந்த உளுந்துக்குக் கடந்த மூன்று பருவங்களாக, கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கும் பயறு ஒண்டர் என்ற இலைவழி ஊட்டத்தைத் தெளித்து வருகிறேன். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு பருவத்தில் அது போட்ட காசுக்கு இரண்டு மடங்குக்கு மேல் திருப்பித் தந்தது, ஒரு பருவத்தில் செலவுக்குச் சற்று மேலே மிஞ்சியது, ஒரு பருவத்தில் ஒன்றுமே செய்யவில்லை. மூன்று முறையும் பொருள் ஒன்றுதான். மாறியது வயலும் நாளும்.

முதலில், பயறு வகைகளுக்கு இலைவழியாக ஊட்டம் எதற்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும். நெல் தரிசு உளுந்துக்கு உழவு கிடையாது. நெல் நிற்கும்போதே, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னதாக விதையைத் தூவிவிடுகிறோம். நெல்லை அறுத்த பிறகு அது தாளுக்கிடையில் தானாக மேலே வருகிறது. உழவில்லாத மண்ணில் அடியுரம் இட வழியில்லை, மேலுரமாகத் தூவினாலும் அதைக் கரைத்து வேருக்குக் கொண்டுபோகத் தண்ணீர் இல்லை. வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுகிறது. ஆகவே தை மாதத்தில் விதைத்த பயறு, வாய்க்கால் காய்ந்த பிறகு, மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் இரவுப் பனியையும் நம்பித்தான் மாசியையும் பங்குனியையும் கடக்க வேண்டும். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று பெரியவர்கள் குளிரைப் பற்றிச் சொன்னார்கள் என்றாலும், எங்கள் ஊரில் அந்தப் பழமொழியைச் சொல்லும்போது உளுந்து வயலைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

இந்த நிலையில் செடி பூக்கும் நேரத்தில்தான் சிக்கல் வருகிறது. உளுந்தின் வேர் முடிச்சுகள் அதுவரை காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுத்துவந்தவை, காய் பிடிக்கத் தொடங்கியதும் ஓய்ந்துபோகின்றன. மேல் மண்ணின் ஈரமும் அதே நாட்களில் குறைகிறது. காய்க்கு அதிகம் தேவைப்படும் நேரத்தில் வரத்து குறைவதால், செடி தன்னால் தாங்க முடியாத பூவை உதிர்த்துவிடுகிறது. காலையில் வயலுக்குள் இறங்கினால் செடியின் அடியில் மஞ்சள் பூக்கள் சிந்திக் கிடப்பதைப் பார்க்கலாம். ஊட்டச்சத்துகளும் வளர்ச்சி ஊக்கிகளும் சேர்ந்த இந்தப் பொடியை அந்தத் தருணத்தில் இலையில் கொடுத்தால், பூ உதிர்வது குறையும், வறட்சியைத் தாங்கும் திறன் கூடும், விளைச்சல் 20 சதவீதம் வரை அதிகரிக்கும் என்பது பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அளவு ஏக்கருக்கு 2 கிலோ, தண்ணீர் 200 லிட்டர், பூக்கும் பருவத்தில் ஒரு முறை. '20 சதவீதம் வரை' என்பதில் உள்ள 'வரை' என்ற சொல்லை வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும். முதல் ஆண்டு நான் அதைக் கவனிக்கவில்லை.

அது 2023-ஆம் ஆண்டு. ஜனவரி கடைசியில் விதைத்திருந்தேன். பிப்ரவரி முதல் வாரத்தில் டெல்டா முழுவதும் பருவம் தப்பிய மழை பெய்து, அறுப்புக்கு நின்ற சம்பாவைச் சாய்த்தது. சாய்ந்த நெல்லுக்கு அடியில் தண்ணீர் தேங்கியதில், முளைவிட்டிருந்த உளுந்து விதையில் பாதிக்கு மேல் அழுகிவிட்டது. மறுவிதைப்புக்கு விதையும் இல்லை, நாளும் இல்லை. மிஞ்சியதையாவது காப்பாற்றலாம் என்று, நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் பயறு ஒண்டர் வாங்கிவந்து, சரியான அளவில், சரியான நாளில் தெளித்தேன். தெளித்த மாவில் 36 கிலோ, தெளிக்காத பக்கத்து மாவில் 34 கிலோ. அந்த இரண்டு கிலோ வித்தியாசம் களத்தில் தூற்றும்போது காற்றில் போகக்கூடிய அளவுதான். "உளுந்துக்கு எதுக்குடா மருந்து, விதைச்சோமா, பங்குனியில போய்ப் பிடுங்கினோமான்னு இருக்கணும்" என்று பெரியப்பா சொன்னபோது, எனக்கு எதிர்த்துப் பேச வாய் இல்லை. ஊரில் நாலு பேரிடம் இது காசுக்குக் கேடு என்று நானும் சொல்லித் திரிந்தேன்.

தவறு பொருளில் இல்லை என்பது, அடுத்த ஆண்டு விதைப்புக்கு முன்னால் செடிகளின் எண்ணிக்கையைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே புரிந்தது. உளுந்துக்குச் சதுர மீட்டருக்கு 33 செடிகள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. என் வயலில் 2023-இல் எத்தனை இருந்தன என்று அப்போது எண்ணவில்லை, ஆனால் கைப்பேசியில் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால், இரண்டு தாளுக்கு ஒரு செடி, மூன்று தாளுக்கு ஒரு செடி என்று தெரிகிறது. சதுர மீட்டருக்குப் பன்னிரண்டைத் தாண்டியிருக்காது. அந்தச் செடிகளுக்கு ஏற்கெனவே வேண்டிய இடமும் வெளிச்சமும் இருந்தன. ஒவ்வொன்றும் தன்னால் முடிந்த அளவு காய்த்துத்தான் இருந்தது. இல்லாத செடியில் எந்த ஊட்டமும் காய் பிடிக்க வைக்காது. தெளிப்பு என்பது நிற்கும் பயிருக்குக் கொடுப்பது. எனவே இந்தப் பொருளை மதிப்பிடும்போது, விதைப்பு நாளிலிருந்து தொடங்காமல் முடியாது.

இங்கேதான் டெல்டாவின் இன்றைய நிலைமை குறுக்கே நிற்கிறது. கையால் அறுத்த காலத்தில், பத்து நாள் முன்னால் விதைத்த உளுந்து இரண்டு இலை விட்டு நிற்கும், அறுப்பவர்கள் அதற்கிடையில் கால் வைத்துப் போவார்கள், பெரிய சேதம் இருக்காது. இப்போது அறுப்பது இயந்திரம். செயின் வண்டி ஈர வயலில் திரும்பும் இடங்களில் மண்ணைப் புரட்டிப் போட்டு, முளைத்த செடியை அப்படியே நசுக்கிவிடுகிறது. பின்னால் விழும் வைக்கோல் வரிசையாகக் குவிந்து, அடியில் இருக்கும் முளைகளை மூடிவிடுகிறது. அறுத்த பிறகு விதைக்கலாம் என்றால், எங்கள் களிமண் மூன்று நாளில் வெடிப்பு விட்டுவிடும், விதை வெடிப்புக்குள் விழுமே தவிர முளைக்காது. நான் கண்டுகொண்ட நடு வழி, வண்டி வரும் நாளை முன்கூட்டியே உறுதி செய்துகொண்டு, அதற்கு நான்கு நாட்கள் முன்னதாக விதைப்பது. விதை அப்போது முளை கிளம்பும் நிலையில் இருப்பதால், செயின் அதன் மேல் ஏறினாலும் பெரும்பகுதி மண்ணுக்குள் அமுங்கித் தப்பித்துவிடுகிறது. தண்ணீர் பாய்ச்சி வளர்க்கும் இறவைப் பயிருக்கு ஏக்கருக்கு 8 கிலோ விதை போதும், நெல் தரிசுக்கு 10 முதல் 12 கிலோ என்பார்கள். நான் வண்டிக்கென்று 14 கிலோ போடுகிறேன். அறுத்த அன்றே வைக்கோல் வரிசையைக் கையால் கலைத்துப் பரப்ப ஆள் விடுகிறேன். வைக்கோல் கட்டும் இயந்திரம் வரும் வரை காத்திருந்தால், அடியில் இருக்கும் முளை வெளுத்துப் போய்விடும்.

விதையை அப்படியே தூவுவதும் இல்லை. கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற, நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சணத்தைக் கலந்து ஒரு நாள் வைத்து, விதைப்பன்று ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரங்களைக் கலந்து, நிழலில் உலர்த்தித் தூவுகிறேன். இதில் என் அம்மா காட்டும் கறார் எனக்கு வராது. கஞ்சி கொஞ்சம் சூடாக இருந்தால்கூட, "அந்தப் பூச்சியெல்லாம் செத்துப்போயிடும்டா" என்று பாத்திரத்தைப் பிடுங்கிக்கொள்வார்.

இத்தனையும் செய்த பிறகு, 2024-இல்தான் பயறு ஒண்டரை நியாயமாகச் சோதிக்க முடிந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் பெய்த மழையின் ஈரமும் மண்ணில் போதுமான அளவு இருந்தது. ரகம் வம்பன் 8. புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசிய பயறு ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்த இந்த ரகம், காய்கள் ஒரே சமயத்தில் முதிர்வதால் ஒரே பிடுங்கலில் வேலையை முடித்துவிடும். மீட்டர் நீளத்தில் நான்கு மூங்கில் குச்சிகளைச் சதுரமாகக் கட்டி, வயலில் பத்து இடங்களில் போட்டு எண்ணியதில், 27 முதல் 35 செடிகள் வரை இருந்தன. ஒரே வரப்பின் இரு பக்கத்திலும் இருந்த இரண்டு மாக்களில், ஒன்றுக்கு மட்டும் தெளித்தேன். தண்ணீர் வந்த பக்கம், மண், விதை, விதைத்த நாள், ஆள் எல்லாம் ஒன்றேதான்.

தெளித்தது விதைத்த 36-ஆம் நாள், பாதிச் செடிகளுக்கு மேல் பூத்து நின்றபோது. ஐந்தாறு நாட்களில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது என்று சொல்ல ஆசைதான், ஆனால் அப்படி ஒன்றும் தெரியவில்லை. இலை சற்றுக் கரும்பச்சையாக இருந்ததுபோலத் தோன்றியது. அதை நான் ஒரு சான்றாகச் சொல்லமாட்டேன், பணம் போட்டவன் கண்ணுக்கு எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். பதினைந்து நாள் கழித்து, இரு பக்கத்திலும் கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பத்துச் செடிகளைப் பிடுங்கி, திண்ணையில் போட்டு அம்மாவும் நானும் காய்களை எண்ணினோம். தெளிக்காத செடியில் சராசரி 19 காய்கள், தெளித்த செடியில் 24. இன்னொரு வித்தியாசத்தை அம்மாதான் காட்டினார். தெளிக்காத செடியின் உச்சிக் கொத்தில் பூ உதிர்ந்த காம்பு மட்டும் ஊசிபோல நீட்டிக்கொண்டிருந்தது. தெளித்ததில் அந்த உச்சிக் கொத்திலும் இரண்டு காய், மூன்று காய் தொங்கியது. களத்தில் அடித்துத் தூற்றி எடைபோட்டபோது, தெளிக்காத மாவில் 71 கிலோவும், தெளித்த மாவில் 86 கிலோவும் இருந்தன. ஏக்கர் கணக்கில் 45 கிலோ கூடுதல், ஏறத்தாழ 21 சதவீதம். ஒரு வயலில், ஒரு பருவத்தில் பார்த்ததைக் கொண்டு ஊருக்கே சட்டம் சொல்ல முடியாது என்றாலும், பல்கலைக்கழகம் சொல்லும் எண்ணுக்கு என் களத்து எண் இவ்வளவு நெருக்கமாக வரும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

கலக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் சறுக்குவது இங்கேதான். ஏக்கருக்கு 2 கிலோ என்றால் லிட்டருக்கு 10 கிராம், அதாவது 16 லிட்டர் டேங்குக்கு 160 கிராம். பொடியை நேராக டேங்கில் கொட்டக் கூடாது. கொட்டினால் அடியில் கட்டியாக நின்று நாசிலை அடைக்கும், முதல் பத்து நடைக்கு வெறும் தண்ணீரும் கடைசி நடைக்குக் கெட்டிக் கரைசலும் போகும். ஒரு பிளாஸ்டிக் வாளியில் நான்கைந்து லிட்டர் தண்ணீர் விட்டு, பொடியைச் சிறிது சிறிதாகத் தூவிக் கரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, அதன் பிறகு டேங்கில் ஊற்றி நிரப்ப வேண்டும். ஒட்டும் திரவம் சேர்க்காவிட்டால், உளுந்து இலையின் சுனை முடிகளில் நீர் முத்து முத்தாக நின்று உருண்டு விழுந்துவிடும். எடைபோட வீட்டில் தராசு இல்லாதவர்கள் மளிகைக் கடையில் 160 கிராம் பொட்டலங்களாகக் கட்டி வாங்கிக்கொண்டால், வயலில் கை அளவை நம்ப வேண்டியதில்லை. தெளிக்க ஏற்ற நேரம் மாலை நான்கு மணிக்கு மேல். வெயில் இறங்கிய பிறகு அடித்தால் இலை வெகுநேரம் ஈரமாக இருக்கும். காலையில் என்றால் பனி உலர்ந்த பிறகு அடிக்க வேண்டும், அதற்குள் வெயில் ஏறிவிடுகிறது. முதல் ஆண்டு ஒரு டேங்கை மட்டும் பகல் பதினொரு மணிக்கு அடித்து, அந்தப் பாத்தியில் இலை ஓரம் கருகியதைப் பார்த்தது என் சொந்த அனுபவம்.

ஏக்கருக்கு 200 லிட்டர் என்ற அளவைத்தான் ஆட்கள் குறைக்கப் பார்க்கிறார்கள். 16 லிட்டர் டேங்கில் அது பதின்மூன்று டேங்க் ஆகிறது. எட்டு டேங்கில் முடித்துவிட்டு மிச்சப் பொடியைக் கடைசி டேங்கில் கொட்டிவிடும் பழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. ஆகவே தெளிக்கும் அன்று வரப்பில் உட்கார்ந்திருக்க முடியாதவர்கள் இந்தப் பொருளை வாங்காமல் இருப்பதே மேல்.

2025-ஆம் ஆண்டின் கதை வேறு. செடி எண்ணிக்கை நன்றாக இருந்தது, பொருளும் வீட்டில் தயாராக இருந்தது, ஆள் வரவில்லை. ஊரில் எல்லா வயலும் ஒரே வாரத்தில் பூக்கிறது, தெளிப்பான் வைத்திருக்கும் ஆட்களோ ஐந்தாறு பேர்தான். சரி, டிரோன் வைத்துத் தெளிக்கலாம் என்று வாடகைக்கு ஒருவரை அழைத்து, முதலில் ஒரு மாவுக்கு மட்டும் அடிக்கச் சொன்னேன். டிரோன் ஏக்கருக்கு 10 லிட்டர் தண்ணீரில் வேலையை முடிக்கும். பூச்சி மருந்துக்கு அது சரி. ஆனால் 200 லிட்டரில் கரைய வேண்டிய பொடியை 10 லிட்டரில் கரைத்தால் அது பாயசம்போல ஆகிறது. நாசில் இரண்டு முறை அடைத்தது, மூன்றாம் நாள் இலை நுனிகள் தீய்ந்து நின்றன. வந்தவர் நல்ல மனிதர், அளவு குறைத்துக் கலக்கலாமா என்று கேட்டார், முழு அளவைப் போடுங்கள் என்று வற்புறுத்தியவன் நான்தான். உளுந்து பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த மாவின் கணக்கை இந்த மதிப்பீட்டில் சேர்க்கவில்லை.

மற்ற மாக்களுக்குக் கைத்தெளிப்பானோடு ஆள் வந்தது 46-ஆம் நாள். முதல் டேங்கைத் தோளில் ஏற்றுமுன் அந்தப் பெரியவர் குனிந்து ஒரு செடியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பூவெல்லாம் எப்பவோ காயாயிடுச்சு, விழ வேண்டியது விழுந்தும் போச்சு, இப்ப போய் இதை அடிக்கச் சொல்றீங்க?" என்றார். வாங்கிவிட்டோமே என்று அடிக்கச் சொன்னேன். தெளிக்காத மாவில் 58 கிலோ, தெளித்ததில் 66 கிலோ. ஏக்கருக்கு 24 கிலோ கூடுதல். உதிர்ந்த பூவைத் திரும்ப ஒட்ட முடியாது. இருந்த காய் சற்றுத் திரட்சியாக முற்றியதற்குக் கிடைத்த எடை அது என்று நினைக்கிறேன்.

காசுக் கணக்குக்கு வருகிறேன். பொடி, ஒட்டும் திரவம், டேங்குக்கு 60 ரூபாய் வீதம் அடிகூலி எல்லாம் சேர்த்து எனக்கு ஏக்கருக்கு 1,400 ரூபாய் ஆகிறது. உளுந்துக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதார விலை 2023-24-இல் குவிண்டாலுக்கு 6,950 ரூபாய், 2024-25-இல் 7,400 ரூபாய், 2025-26-இல் 7,800 ரூபாய். ஒப்பிட எளிதாக, எல்லா ஆண்டுக்கும் கிலோ 78 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். 45 கிலோ கூடுதலாக வந்தால் 3,510 ரூபாய், செலவு போக 2,110 ரூபாய் மிச்சம். பத்து நாள் தாமதமாகி 24 கிலோ மட்டும் வந்தால் 1,872 ரூபாய், செலவு போக மிஞ்சுவது 472 ரூபாய். செடி எண்ணிக்கை குறைந்த வயலில் ஏக்கருக்கு ஆறு கிலோ வந்தால் 468 ரூபாய், அதாவது போட்டதில் மூன்றில் இரண்டு பங்கு நட்டம்.

இதற்கு மாற்றாகக் காலங்காலமாகச் சொல்லப்படுவது, தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள டிஏபி உரத்தின் 2 சதக் கரைசல். ஏக்கருக்கு 4 கிலோ டிஏபியை முதல் நாள் இரவே 10 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் தெளிந்த நீரை மட்டும் இறுத்து, 200 லிட்டராக்கி, பூக்கத் தொடங்கும்போது ஒரு முறையும், பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறையும் தெளிக்க வேண்டும். 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய்க்குக் கிடைக்கும் டிஏபியில், இரண்டு தெளிப்புக்கான உரம் 216 ரூபாய்தான். ஆனால் இரண்டு முறை ஆள் வேண்டும், ஆள் கூலி மட்டும் 1,560 ரூபாய். மொத்தம் 1,776. சொந்தமாகத் தெளிப்பான் வைத்து, தானே தோளில் சுமந்து அடிக்கும் சிறு விவசாயிக்கு டிஏபியே சிக்கனம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கூலிக்கு ஆள் வைத்து அடிப்பவருக்கு, ஒரே தெளிப்பில் முடியும் பயறு ஒண்டர் வசதி. பத்து ஆண்டுக்கு முன்னால் இருந்த கூலியில் இந்தக் கணக்கு நேர் எதிராக வந்திருக்கும்.

இது செய்யாத காரியங்களையும் சொல்ல வேண்டும். மஞ்சள் தேமல் வந்த செடியை இது குணப்படுத்தாது. அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய், நோய் கண்ட செடியை ஆரம்பத்திலேயே பிடுங்கி அழிப்பதும், ஏக்கருக்கு ஐந்து மஞ்சள் ஒட்டும் பொறிகள் வைப்பதும், தாங்கும் ரகத்தை விதைப்பதும்தான் வழி. தேமல் பாதித்த வயலுக்கு ஊட்டம் கொடுத்துப் பச்சையாக்கலாம் என்று நம்பிச் செலவழித்த ஒருவரை எனக்குத் தெரியும். மாசிப் பனியில் வரும் சாம்பல் நோய்க்கும் காய்ப்புழுவுக்கும் இதில் பதில் இல்லை. அவற்றுக்கான மருந்தை இதோடு ஒரே டேங்கில் கலந்து ஒரு கூலியை மிச்சப்படுத்தலாமா என்று கேட்கிறார்கள். நான் கலப்பதில்லை, இரண்டு நாள் இடைவெளி விடுகிறேன்.

வாங்கும் இடத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2024-இல் ஒரு மா அளவுக்குப் பொடி குறைந்தபோது, நீடாமங்கலம் வரை போக சோம்பல்பட்டு, ஒரு தனியார் கடையில் கேட்டேன். "அதே சரக்குதான் அண்ணே, பேர்தான் வேற" என்று ஒரு பளபளப்பான பாட்டிலை நீட்டினார்கள். திரவம், அளவு லிட்டருக்கு 2 மில்லி, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருந்த எழுத்தைப் படிக்க பூதக்கண்ணாடி வேண்டும். பயறு ஒண்டர் பொடி, அது திரவம் என்பதைக்கூட யோசிக்காமல் வாங்கிவந்து அடித்தேன். அந்த மாவில் விளைந்தது தெளிக்காத மாவுக்குச் சமம். வேளாண் அறிவியல் நிலையத்தில் வாங்கும்போது, உறையில் பல்கலைக்கழகத்தின் பெயரும் தயாரித்த தேதியும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கலாம். விதைப்புக்கு முன்பே வாங்கிவைப்பது நல்லது. பூக்கும் வாரத்தில் கேட்டால், இருப்பு தீர்ந்துவிட்டது என்ற பதில் கிடைக்க வாய்ப்பு உண்டு. வாங்கியதைக் காற்றுப் புகாமல் கட்டி வைக்காவிட்டால், நம் ஊர் ஈரப்பதத்தில் பொடி கட்டி தட்டிப்போகும்.

விற்பனையில் இது ஏதாவது கூடுதல் விலை தருமா என்றால், இல்லை. தெளித்த வயலின் உளுந்து சற்றுப் பருமனாக இருந்தது உண்மை. அம்மா அதைத் தனியே எடுத்து வைத்து, மாவு நன்றாகக் காண்கிறது என்று சொல்லி இட்லிக்கு ஊறப்போட்டார். ஆனால் வியாபாரி இரண்டு மூட்டையிலும் கையை விட்டுப் பார்த்து, ஒரே விலைதான் போட்டார். அவர் கடித்துப் பார்த்தது ஈரப்பதத்தை மட்டும்தான்.

வரும் தையில் எட்டு மாவில் ஆறு மாவுக்குத்தான் பொடி வாங்குவதாக இருக்கிறேன், நான்கு கிலோ. வடிகால் ஓரத்து இரண்டு மா தாழ்வான இடம், ஒரு நாள் மழைக்கே தண்ணீர் கட்டும். அங்கே முப்பதாம் நாள் மூங்கில் சட்டத்தைப் போட்டு எண்ணிப் பார்த்து, சதுர மீட்டருக்கு இருபத்தைந்து செடிக்கு மேல் நின்றால், அன்றைக்கே நீடாமங்கலத்துக்கு வண்டியை எடுப்பேன். தெளிக்கும் ஆளுக்கு 34, 35, 36 என்று மூன்று நாட்களைக் குறித்து, இப்போதே முன்பணம் கொடுத்தாயிற்று.